கேரி அண்ட் லோவல்: விமர்சகர்கள் ஆல்பத்தைக் கேட்டார்களா, துக்கத்தைக் கேட்டார்களா?

ஆறுகம்பி எழுதியது:

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவல்’ ஆல்பம் 2015 மார்ச் 31 அன்று வெளிவந்தது. அப்போது வந்த விமர்சனங்களை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் 10-க்கு 9.3 கொடுத்தது. பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிடிக்கில் 100-க்கு 90. அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் முதல் வாரமே 10-ஆம் இடம். டிரம்ஸே இல்லாமல், கிசுகிசுக்கிற குரலில், முழுக்கச் சாவைப் பற்றிப் பாடிய ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவு வரவேற்பு கிடைத்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. முக்கால்வாசி விமர்சனங்கள் ஒரே கதையைச் சொல்கின்றன. சுஃப்யானுக்கு ஒரு வயது இருக்கும்போது அம்மா கேரி குடும்பத்தை விட்டுப் போனார். மனச்சோர்வு, மனச்சிதைவு, குடி என்று அவருக்குப் பல சிக்கல்கள். பிறகு லோவல் பிராம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அந்த ஐந்து வருடத் திருமணக் காலத்தில்தான் பிள்ளைகள் ஓரிகன் மாநிலத்துக்குப் போய் மூன்று கோடை விடுமுறைகளை அம்மாவோடு கழித்தார்கள். 2012 டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “எவ்வளவு நேர்மையான ஆல்பம்” என்று முடித்துவிடுகிறார்கள்.

நேர்மையாக அழுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோராலும் ‘ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’ எழுத முடியாது. அந்தப் பாட்டில் பாதிவரைக்கும் ஒரு கிடார், ஒரு குரல். மூன்று நான்கு வயதில் அம்மா தங்களை ஒரு வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போனதைச் சொல்கிறார். பாதி தாண்டியதும் மெல்ல ஒரு கீபோர்டு வந்து சேர்கிறது. கிடாரின் ஓட்டம் அப்படியேதான் போகிறது, ஆனால் பாட்டு வேறு அறைக்குள் நுழைந்த மாதிரி வெளிச்சமாகிறது. கடைசியில் அண்ணனுக்குப் பிறந்த பெண் குழந்தையைப் பற்றி ஒரு வரி. துக்கத்திலிருந்து வெளியே வந்தேன் என்று எங்கேயும் சொல்லவில்லை, அந்தக் கீபோர்டுதான் சொல்கிறது. இதை எப்படிச் செய்தார் என்று எழுதிய விமர்சனம் ஒன்றிரண்டு தேறலாம்.

துக்கத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு வேலைப்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலக்கரை எழுதியது:

நல்ல இழை. ஆனால் விமர்சகர்கள் மேல் முழுப் பழியையும் போடுவது சரியில்லை. ஆல்பத்தின் பெயரே அம்மா, மாற்றாந்தந்தை இரண்டு பேரின் பெயர்தான். அட்டையில் இருப்பது அவர்களுடைய பழைய புகைப்படம். வெளியீட்டுக்கு முன்னால் கொடுத்த பேட்டியில், இது தன் கலைத் திட்டமல்ல, தன் வாழ்க்கை என்று அவரே சொன்னார். அதன் பிறகு வாழ்க்கையை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் கிடாரைப் பற்றி எழுது என்றால் எந்த விமர்சகர் கேட்பார்?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை சுஃப்யான் தன்னை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர் என்று பெயர் வாங்கியிருந்தார். 2003-ல் ‘மிச்சிகன்’, 2005-ல் ‘இல்லினாய்’ என்று மாநிலங்களின் பெயரில் ஆல்பம். ஐம்பது மாநிலத்துக்கும் போடப்போகிறேன் என்று அறிவித்து, அது விளம்பரத்துக்குச் சொன்னது என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். 2010-ல் ‘தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’, முழுக்க மின்னணு இரைச்சல், கடைசிப் பாட்டு மட்டும் 25 நிமிடம். அப்படிப்பட்டவர் திடீரென்று எல்லா வேடத்தையும் கலைத்துவிட்டு முன்னால் வந்து நின்றால், அதுதான் செய்தி. அதைத்தான் எழுதினார்கள்.

நள்ளிரவு ரேடியோ எழுதியது:

நான் எதிர்க்கட்சி. எனக்கு இந்த ஆல்பம் பிடிக்கவே இல்லை. பதினொரு பாட்டு, 43 நிமிடம், எல்லாம் ஒரே வேகம், ஒரே கிசுகிசுப்பு. மூன்றாவது பாட்டு எங்கே முடிந்து நான்காவது எங்கே ஆரம்பித்தது என்று பார்க்க ஃபோனை எடுக்க வேண்டியிருக்கிறது. ‘இல்லினாய்’ மாதிரி 22 தடங்களில் டிரம்பெட்டும் கோரஸும் வயலினுமாக ஒரு ஊரையே எழுப்பி நிறுத்தியவர் இவர். அவரிடமிருந்து இதை வாங்கிக்கொண்டு ‘உச்சப் படைப்பு’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேராகவே கேட்கிறேன். யாரோ ஒரு புதுப் பாடகர், பின்கதை எதுவும் தெரியாமல், இதே பதினொரு பாட்டையும் அனுப்பியிருந்தால் 9.3 கிடைத்திருக்குமா? மெல்லிய குரலில் சோகம் பாடிய பழைய பாடகர்கள் எலியட் ஸ்மித் ஞாபகம் வருகிறது, நிக் டிரேக் ஞாபகம் வருகிறது என்று எழுதி 7 கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அம்மாவை இழந்தவரின் ஆல்பத்துக்கு யார் 6 போடுவார்கள்? அந்த வகையில் ஆறுகம்பி சொல்வதோடு உடன்படுகிறேன். துக்கத்துக்குத்தான் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் வேலைப்பாடு பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆறுகம்பி எழுதியது:

நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் குரல். பல பாடல்களில் ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். எலியட் ஸ்மித் ஞாபகம் வருவதற்கு அதுதான் காரணம். இரண்டு குரலும் மூச்சு வாங்குகிற இடம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிறது. கவனம் இல்லாமல் அழுது பாடுகிறவரால் அப்படி இரண்டு தடவை பாட முடியாது.

அடுத்து, தாளம் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். டிரம்ஸ் இல்லாததால் அந்த வேலை முழுக்கக் கிடாரின் விரலோட்டத்தின் மேல் விழுகிறது. ‘டெத் வித் டிக்னிட்டி’யின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கட்டைவிரல் கீழ்க் கம்பிகளில் ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கிறது, மற்ற விரல்கள் அதற்கு மேல் மெட்டைத் தூவுகின்றன. சோகப் பாட்டு என்று நாம் நினைப்பதைவிட அது வேகமானது. பாடலின் சொற்கள் தயங்குகின்றன, கிடார் தயங்குவதே இல்லை.

மூன்றாவது, பல பாடல்களின் வால். ‘ட்ரான் டு தி பிளட்’ பாட்டாக முடிந்த பிறகும் சொல்லே இல்லாமல் ஒரு ஒலி அலை எழுந்து அடங்குகிறது. கடைசிப் பாட்டான ‘ப்ளூ பக்கெட் ஆஃப் கோல்ட்’ முழுதாகவே அப்படித்தான் கரைகிறது. ‘ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’ காலத்து மின்னணுக் கருவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நாட்டுப்புறப் பாணிக்குத் திரும்பிவிட்டார் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அவை எங்கேயும் போகவில்லை. வார்த்தை தீர்ந்துபோகிற இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் பாட்டு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் இந்த வால்கள்தான்.

பதிவும் அப்படியே. ஒரு பகுதியை ஓரிகனில் கிளமத் ஃபால்ஸ் என்ற ஊரில், ஹோட்டல் அறையில் ஐஃபோனில் பதிவு செய்தார். சில தடங்களில் பின்னால் ஏசி ஓடுகிற இரைச்சல் கேட்கிறது. வசதி இல்லாமல் இல்லை. புரூக்ளினில் சொந்தப் பதிவறை இருந்தது, விஸ்கான்சினில் ‘போன் ஐவர்’ இசைக்குழுவின் ஜஸ்டின் வெர்னானுடைய ஏப்ரல் பேஸ் பதிவறைக்கும் போய்ப் பாடிப் பார்த்தார். இத்தனையும் கையில் இருந்தும் எந்தப் பதிவைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் வேலைப்பாடு என்கிறேன்.

வெள்ளவத்தை எழுதியது:

இதுவரை ஒருவரும் ‘யூஜீன்’ பாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் நடு அச்சு அதுதான். சிறுவயதில் நீச்சல் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு ‘சுஃப்யான்’ என்ற பெயர் வாயில் நுழையவில்லை, அதனால் ‘சுபாரு’ என்று கார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று ஒரு வரி வருகிறது. அந்த மனிதர் ஒரு அப்பாவைப் போலத் தன் தலையில் தண்ணீர் ஊற்றினார் என்றும் பாடுகிறார். ஞானஸ்நானம் என்று சொல்லாமலே ஞானஸ்நானம். சுஃப்யான் கிறிஸ்தவ நம்பிக்கையை மறைக்காமல் பாடுகிறவர் என்பது தெரிந்தால் இந்த வரியின் கனம் இன்னும் கூடும்.

அப்புறம் அதே பாட்டின் கடைசி வரி. அவர்கள் கேட்கவே போவதில்லை என்றால் பாடி என்ன பயன் என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். அதற்குப் பிறகு இன்னும் ஆறு பாட்டு இருக்கிறது.

ஓரிகன் என்ற இடம் இந்த ஆல்பத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் விமர்சனங்கள் மேலோட்டமாகத்தான் தொட்டன. ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’யில் ஓரிகனின் டில்லமூக் காட்டில் மூண்ட பெருந்தீ வருகிறது. 1933, 1939, 1945, 1951 என்று ஆறு வருடத்துக்கு ஒருமுறை அதே காடு எரிந்தது. அம்மாவின் நோயும் பிரிவும் திரும்பத் திரும்ப வந்ததை அந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது. ‘ப்ளூ பக்கெட்’ என்பதும் அந்த ஊர்க் கதைதான். 1845-ல் வண்டி கட்டிக்கொண்டு போன குடியேறிகள் வழி தவறி அலைந்தபோது தங்கம் கிடந்த இடத்தைப் பார்த்தார்களாம். அது தங்கம் என்று அப்போது புரியவில்லை, பிறகு தேடிப் போனவர்களுக்கு அந்த இடம் அகப்படவே இல்லை. மூன்று கோடைகள் மட்டும் அம்மாவோடு இருந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்?

புதுச்செவி எழுதியது:

நான் ‘கால் மீ பை யுவர் நேம்’ படத்தில் ‘மிஸ்டரி ஆஃப் லவ்’ கேட்டுத்தான் இவரிடம் வந்தேன். இந்த ஆல்பத்தை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாலக்கரை எழுதியது:

புதுச்செவி, முதல் பாட்டிலிருந்தே வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிள் மட்டும் வேண்டாம். ‘தி ஒன்லி திங்’ பாட்டில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வெளிப்படையாக வருகிறது. மனம் சரியில்லாத நாளில் அதைத் தனியாகக் கேட்க வேண்டாம்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். 2025-ல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. முன்வரைவுப் பதிவுகள், கூடவே ஒரு கட்டுரை. அதையொட்டி வந்த பேட்டியில் சுஃப்யான் என்ன சொன்னார் என்று கவனித்தீர்களா? இந்த ஆல்பத்தை நினைத்தால் தனக்குக் கூச்சமாக இருக்கிறது, அம்மாவின் வாழ்க்கையைப் பற்றியோ சாவைப் பற்றியோ பேசத் தனக்கு அதிகாரம் கிடையாது, தன்னிடம் இருந்தது ஊகமும் கற்பனையும் சொந்தத் துயரமும்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார்.

2015-ல் அத்தனை பேரும் எதை ‘உண்மை’ என்று கொண்டாடினார்களோ, அதையே பாடியவர் கற்பனை என்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நள்ளிரவு ரேடியோ எழுதியது:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பாடியவருக்கே கூச்சமாக இருக்கிறது என்றால் 90 போட்டவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இறந்துபோனவர் பதில் சொல்ல முடியாது. அவருடைய நோய், குடி, பிள்ளைகளை விட்டுப் போனது எல்லாம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டது.

தைலமரம் எழுதியது:

இங்கே எழுதுவது முதல் தடவை. எங்கள் வீட்டில் மனச்சிதைவு உள்ள ஒருவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதனால் இந்தப் பேச்சைக் கடந்துபோக முடியவில்லை.

அன்றைய விமர்சனங்களில் என்னைக் காயப்படுத்தியது, கேரியை ‘கைவிட்டுப் போன தாய்’ என்று ஒரே சொல்லில் அடைத்த விதம். ஆல்பம் அப்படிச் செய்யவில்லை. முதல் பாட்டிலேயே, உன்னை மன்னிக்கிறேன் அம்மா, உன் குரல் கேட்கிறது, உன் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன் என்று வந்துவிடுகிறது. குற்றப்பத்திரிகை படிக்கப்போகிறவர் மன்னிப்பை முதல் பக்கத்தில் வைக்க மாட்டார்.

‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’யில் அம்மாவுக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறார். என் மின்மினியே, என் குட்டிப் புறாவே, என் குட்டிப் பருந்தே என்று மாறி மாறிக் கொஞ்சல் வருகிறது. எது மகன் சொல்வது, எது தாய் சொல்வது என்று பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிறது. உனக்குப் போதுமான அன்பு கிடைத்ததா என்று கேட்கிறாள். விட்டுப்போனதற்கு வருந்துகிறேன், அதுதான் நல்லது என்று போனேன், ஆனாலும் அது ஒருநாளும் சரியாகப் படவில்லை என்கிறாள். கேரி நிஜத்தில் இப்படிப் பேசினாரா என்பது நமக்குத் தேவையில்லை. பேசியிருக்க வேண்டும் என்று மகன் ஆசைப்பட்ட பேச்சு இது. இந்த நோய் உள்ளவர்களின் பிள்ளைகள் எல்லோருமே மனத்துக்குள் இப்படி ஒரு உரையாடலை வைத்திருப்பார்கள். அதைக் கற்பனை என்று சொல்லி அவர் கூசுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சம், அம்மாவை இன்னும் ஒரு முழு மனுஷியாக நினைக்கிற ஒருவருக்குத்தான் வரும். அதை ஆல்பத்துக்கு எதிரான சாட்சியாக நான் பார்க்கவில்லை.

வெள்ளவத்தை எழுதியது:

தைலமரம் அக்கா, இந்த இழையில் இதைவிட நல்லதாக ஒருவரும் எழுதவில்லை. நன்றி.

ஆறுகம்பி எழுதியது:

தைலமரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இது நள்ளிரவு ரேடியோவின் கேள்விக்கும் பதில்.

2017-ல் ‘தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்’ என்ற பெயரில் இந்த ஆல்பத்தில் சேராமல் போன பாடல்கள், ஐஃபோன் முன்வரைவுகள், ரீமிக்ஸ்கள் எல்லாம் வந்தன. முதல் பாட்டு ‘வல்லோவா லேக் மான்ஸ்டர்’. ஓரிகனில் இருக்கும் வல்லோவா ஏரியில் ஒரு பூதம் வாழ்கிறது என்ற நாட்டுக்கதையை எடுத்து, அம்மாவின் கதையை அதோடு பின்னியிருக்கிறார். மிக அழகான பாட்டு, நீளமானது. மெட்டுக்காக மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் ஆல்பத்தில் கட்டாயம் இருந்திருக்கும்.

அதை ஏன் விட்டார்? என் ஊகம் இதுதான். அந்தப் பாட்டில் அம்மா ஒரு தொன்மமாக, ஏரிக்குள் மறைந்துபோகிற பிரம்மாண்டமான உயிராக ஆகிவிடுகிறாள். ‘இல்லினாய்’ காலத்து சுஃப்யான் செய்திருக்கக்கூடியது அது. ‘கேரி அண்ட் லோவல்’ அம்மாவை வீடியோ கடை, மருத்துவமனைப் படுக்கை என்ற அளவிலேயே வைத்துக்கொள்கிறது. குவிந்து கிடந்த வரைவுகளைச் சலித்து ஆல்பமாக்க நண்பர் தாமஸ் பார்ட்லெட் உதவினார் என்பது தெரிந்த விஷயம். அப்படிச் சலித்தபோது கீழே விழுந்தவற்றையும் கேட்ட பிறகுதான் மேலே நின்றவற்றின் அருமை எனக்கு விளங்கியது. 2015 விமர்சகர்களிடம் இந்தப் பதிவுகள் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்தாம் ஆண்டை ஒட்டி எழுதியவர்களிடம் இருந்தன. அவர்களும் பழைய பேட்டிகளைத்தான் திரும்ப எடுத்து எழுதினார்கள்.

ஆல்பத்தைப் பற்றிப் பாடியவருக்குப் பத்து வருடம் கழித்து என்ன தோன்றுகிறது என்பது அவருடைய வாழ்க்கை. இடையில் அவர் துணைவரையும் இழந்திருக்கிறார், 2023-ல் ‘ஜாவலின்’ ஆல்பத்தை அவருக்குத்தான் அர்ப்பணித்தார். அதே வருடம் நரம்புகளைத் தாக்கும் கில்லான்-பாரே நோய் வந்து நடக்க முடியாமல் போய், மறுபடி நடக்கப் பழகினார். அதன் பிறகு பழைய துக்கத்தைத் திரும்பிப் பார்க்கிற கண் வேறாகத்தான் இருக்கும். பதிவில் இருக்கிற கிடார் மாறவில்லையே.

நள்ளிரவு ரேடியோ எழுதியது:

‘வல்லோவா லேக் மான்ஸ்டர்’ இப்போது கேட்டேன். இதை விட்டதற்கு என்னால் மன்னிக்க முடியாது, இது ஆல்பத்தில் இருந்திருந்தால் நானும் 9 போட்டிருப்பேன். ஆக நமக்குள் தகராறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தைலமரம் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. கேரியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதையும் பாட்டில் இருப்பதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2017-ல் வந்த ‘கேரி அண்ட் லோவல் லைவ்’, தென் கரோலினாவில் நார்த் சார்ல்ஸ்டன் அரங்கில் 2015-ல் பதிவு செய்தது, அதைக் கேட்டிருக்கிறீர்களா? அதில் தாளம் இருக்கிறது, சிந்தசைசர் இருக்கிறது, ஆள் கூட்டம் இருக்கிறது. இதே பாடல்கள் எனக்கு அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. கிசுகிசுப்புத்தான் சரியான வடிவம் என்றால், மேடையில் ஏன் அவரே மாற்றினார்?

ஆறுகம்பி எழுதியது:

கேட்டிருக்கிறேன், எனக்கும் பிடிக்கும். ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’யின் முடிவில் நாம் எல்லோரும் சாகப்போகிறோம் என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, ஸ்டுடியோப் பதிவில் அது படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் முனகுவது. ‘எல்லோரும்’ என்று அவர் சொன்னாலும் அறையில் இரண்டே பேர்தான். மேடையில் அதே வரி ஏறி ஏறிப் பெரிய முழக்கமாகிறது, எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கே ‘எல்லோரும்’ என்றால் நிஜமாகவே எல்லோரும். கேட்கிறவர்கள் மாறியதால் பாட்டு மாறியது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

2022-ல் அதே பாட்டின் இரண்டு வேறு வடிவங்களைத் தனியாக வெளியிட்டார், ஒன்று ஏப்ரல் பேஸ் வடிவம், மற்றது புரூக்ளினின் டம்போ பகுதியின் பெயர் கொண்ட டம்போ வடிவம். ஆல்பத்தில் வந்ததையும் சேர்த்து மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எதை வைத்துக்கொண்டு எதை ஒதுக்கினார் என்பது காதுக்கே தெரியும். கேட்டுவிட்டு வாருங்கள், அங்கிருந்து பேசுவோம்.